பூக் கேட்டுச் சேர்ந்த பி.சி.ஏ.

எங்கள் வீட்டில் எந்தப் பெரிய காரியமும் பூக் கேட்காமல் நடந்ததில்லை. போர்வெல் போட்டது, தறி வாங்கியது, மொபெட் வாங்கியது எல்லாமே அப்பா குலதெய்வக் கோயிலுக்குப் போய் அம்மனிடம் கேட்ட பிறகுதான். நான் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்ததும் அப்படித்தான். ஆனால் அந்த முறை கேட்டதில் ஒரு குளறுபடி நடந்துவிட்டது. அது நடக்காமல் இருந்திருந்தால் நான் இன்று எங்கே உட்கார்ந்திருப்பேன் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ‘அப்பாடா’ என்றுதான் வருகிறது.

பூக் கேட்பது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். செவ்வரளி ஒன்று, வெள்ளரளி ஒன்று. இரண்டையும் தனித்தனி இலையில் வைத்து, ஒரே மாதிரி மடித்து நூலால் கட்டி, பூசாரி அம்மனின் காலடியில் போட்டுக் குலுக்குவார். நாம் கேட்க வந்ததை மனதுக்குள் நினைத்துக்கொள்ள வேண்டும். கோயிலுக்கு வந்திருக்கிற யார் வீட்டுக் குழந்தையாவது வந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுக்கும். பிரித்துப் பார்த்தால் ஒரு நிறம் சம்மதம், இன்னொரு நிறம் வேண்டாம். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கே இப்படித்தான் கேட்கிறார்கள். ஜாதகம் பொருந்தி, மண்டபம் வரைக்கும் பேசி முடித்த பிறகு பூ மாறி வந்து நின்றுபோன கல்யாணங்கள் உண்டு.

எங்கள் வீட்டில் சிவப்புதான் சம்மதம். யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். பொட்டலத்தில் சிவப்பு வரும். அப்பா கையெடுத்துக் கும்பிடுவார், ஒரு வார்த்தை பேசமாட்டார், மறுநாள் காரியம் தொடங்கிவிடும். அம்மாவோ அடுத்த வெள்ளிக்கிழமையே அம்மனுக்கு மாவிளக்கு எடுத்துவிடுவாள். “உங்கம்மாளுக்கு இருக்கற பக்தியில பாதி எனக்கில்ல கண்ணு,” என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அம்மா அப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு எதையாவது துடைத்துக்கொண்டிருப்பாள். கூச்சப்படுகிறாள் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீடு சாமளாபுரத்தில். வீடு என்பதைவிட, தறிப்பட்டறையின் முதுகில் ஒட்டிக்கொண்ட இரண்டு அறைகள் என்றால் சரியாக இருக்கும். அப்பா எட்டு விசைத்தறிகள் போட்டுக் கூலிக்கு நெய்துகொடுத்தார். நூல் கொடுப்பவர் வேறு, துணி அவருக்கு, ஓட்டுவது மட்டும் நாங்கள். அம்மா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வரும் உருப்படிகளில் ஓட்டை, கறை, கோணல் தையல் இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குகிற வேலை. காலையில் கம்பெனி வேன் ஏறினால் இருட்டும்போது திரும்புவாள். வீட்டில் கரண்ட் போனால் ஒழிய சத்தம் நிற்காது. உப்பு எங்கே என்று கேட்பதற்கும் கத்த வேண்டும். இன்றைக்கும் அலுவலகத்தில் நான் போனில் பேசினால் நாலு மேசை தள்ளி இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அது என் குணமல்ல, என் வீட்டின் குணம் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

அதனால்தானோ என்னவோ, பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் லேபுக்குள் முதல்முறை நுழைந்தபோதே எனக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. காமர்ஸ் குரூப்பில் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் ஒரு பாடம். மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர், அதில் ஒன்று பாதி நாள் உயிரோடு இருக்காது. ஆனாலும் நான் நாலு வரி அடித்து ஒரு பட்டனை வைத்தேன். அதை அழுத்தினால் ஒரு பக்கம் திறந்து, எங்கள் பட்டறையின் பெயர் பெரிய எழுத்தில் வந்து நின்றது. நான் கத்தவே இல்லை. எழுதினேன், அது கேட்டுக்கொண்டது. வீட்டில் எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருக்க, நான் சொன்னதை யாரும் முதல்முறையிலேயே கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது என்றால் சிரிப்பீர்கள். ஆனால் வந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், படித்தால் கம்ப்யூட்டர்தான்.

முடிவு செய்வது சுலபம். கம்ப்யூட்டர் என்றால் எந்தக் கம்ப்யூட்டர் என்பது பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகுதான் பிரச்சினையானது. பல்லடம் பஸ் ஸ்டாண்டில் நின்றால் கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் கல்லூரி பிளக்ஸ்தான். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.எஸ்சி. ஐ.டி., பி.சி.ஏ., பி.காம். சி.ஏ., செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி. போதாக்குறைக்கு இன்ஜினீரிங் கல்லூரிகள் வேறு இதே பெயர்களுக்கு முன்னால் பி.இ., பி.டெக். என்று போட்டுக்கொண்டிருந்தன. சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்து ஆளுக்கு ஒன்றைச் சிபாரிசு செய்தார்கள். ஒருவர் சொன்ன பெயரை இன்னொருவர் சொல்லவில்லை. எனக்குத் தலை சுற்றியது. அம்மா ஒரு நாள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, “வா, நேர்ல போயே கேட்டுப்போடலாம்,” என்று கிளம்பிவிட்டாள்.

கோயமுத்தூர் போகிற வழியில் இருந்த ஒரு கல்லூரிக்குப் போனோம். அட்மிஷன் மேசைக்குப் பின்னால் ஒரு மேடம் இருந்தார். கம்ப்யூட்டர் துறையில் பாடம் எடுப்பவர் என்று பிறகு தெரிந்தது. என் மதிப்பெண் சான்றிதழைப் பார்த்துவிட்டு, “இன்ஜினீரிங் போக முடியாதும்மா. அதுக்குக் கணக்கு வேணும். நீ காமர்ஸ் குரூப்,” என்றார். சரி என்றேன். “இங்க பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் பிளஸ் டூவுல கணக்குப் படிச்சவங்களத்தான் எடுக்கறோம்,” என்றார். குரூப் எடுத்தபோது இதையெல்லாம் யார் சொன்னார்கள்? கம்ப்யூட்டர் என்ற வார்த்தை இருந்தது, எடுத்தேன். அவ்வளவுதான்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “அதுக்கு ஏம்மா இப்படி ஆயிட்ட? பி.சி.ஏ. இருக்கே. நீதான் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் படிச்சிருக்கியே, தாராளமாச் சேரலாம். புரோகிராம் எழுதக் கத்துக்கிறதுதான் அதுல முக்கியம். மூணு வருசம் முடிச்சிட்டு எம்.சி.ஏ. பண்ணினா, இன்ஜினீரிங் படிச்சவங்க போற வேலைக்கு நீயும் போகலாம்.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மாதான் விடவில்லை. “ஏனுங்க மேடம், இத்தன பேரு போட்டிருக்கறீங்களே, ஒன்னுக்கொன்னு என்னுங்க வித்தியாசம்? ஒரே துணியில லேபிளை மாத்தித் தெக்கற மாதிரிங்களா?” என்று கேட்டாள்.

மேடம் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். “முதல் வருசம் பெரும்பாலும் அப்படித்தாங்க. எல்லாருக்கும் ஒரே லேபு, ஒரே புரோகிராம்தான். போகப் போகத்தான் கொஞ்சம் கொஞ்சமாப் பிரியும். சயின்ஸ்ல கணக்கும் தியரியும் அதிகம், பி.சி.ஏ.வுல செஞ்சு பழகறது அதிகம். பி.காம். சி.ஏ. மட்டும் துணியே வேற. அது வணிகவியல் படிப்பு. கூட நாலஞ்சு கம்ப்யூட்டர் பேப்பர் வரும்.”

வரும் திங்கட்கிழமை வந்து சேர்ந்துகொள்ளலாம், அதற்குமேல் இடம் இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரத்தில் உட்கார்ந்து நான் சிரித்துக்கொண்டே வந்தேன். அப்பா என்ற ஒரு ஆள் இருப்பதே எனக்கு மறந்துவிட்டது.

அப்பாவுக்குப் பி.சி.ஏ. பிடிக்கவில்லை. திட்டவெல்லாம் இல்லை. அவருக்குத் திட்டத் தெரியாது. தறிகளுக்கு நடுவே நின்று, அறுந்த இழையை எடுத்து முடிந்துகொண்டே, “பி.காம். சி.ஏ. இருக்குதாம்ல கண்ணு. அதுல ரெண்டும் இருக்குதல்ல? கணக்கு எழுதறதும் ஆச்சு, கம்ப்யூட்டரும் ஆச்சு. பல்லடத்துக்குப் பக்கத்துலயே காலேஜு. பஸ்ஸு ஊட்டு வாசலுக்கே வருது. முடிச்சா திருப்பூர்ல ஏதாச்சும் கம்பெனி ஆபீஸ்ல உக்காந்துக்கலாம்,” என்று கத்தினார். அன்பாகத்தான் கத்தினார்.

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஒரு காலத்தில் எட்டுத் தறியிலும் ஒரே ரகத் துணியை ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த ரகத்துக்கு ஆர்டர் நின்றபோது எட்டுத் தறியும் சேர்ந்து நின்றது. வீட்டில் அப்போது இருந்த அமைதியை நான் சின்னப் பெண்ணாகப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவர் ஒருபோதும் ஒரே ரகத்தை நம்பியதில்லை. நாலு தறியில் ஒன்று, நாலு தறியில் வேறொன்று. பி.சி.ஏ. அவர் கண்ணுக்கு ஒரே ரகம். பி.காம். சி.ஏ. நாலுக்கு நாலு. எனக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் டேலியில் வரவுசெலவு வவுச்சர் போட்டுக்கொண்டு வாழ்நாள் முழுக்க உட்கார எனக்கு விருப்பமில்லை. அதை விரும்பிச் செய்பவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவும் இருக்கிறார்கள். நான் அந்த ஆள் இல்லை. இதைச் சொல்லி மூன்று நாள் சண்டை போட்டேன். தறிச் சத்தத்துக்குமேல் கத்தித் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம்.

கடைசியில் அப்பா வழக்கமான இடத்துக்கு வந்து நின்றார். “சரி கண்ணு. அம்மங்கிட்டயே கேட்டுப்போடலாம்.”

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. சி.பி.யூ.வையே பார்த்திராத அம்மனிடம் போய் என் படிப்பைக் கேட்பதா என்று முணுமுணுத்தேன். ஆனால் உள்ளுக்குள் நானும் இந்த வீட்டுப் பெண்தான். பூ வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதை மீறிப் போய்ச் சேர எனக்கும் தைரியம் கிடையாது.

கோயில் பல்லடத்துக்குத் தெற்கே உள்ளடங்கிய ஊரில். வெள்ளிக்கிழமை காலையில் போனோம். அப்பா பூசாரியிடம் விஷயத்தைச் சொன்னார். “ஏனுங்க பூசாரி, புள்ளையக் கம்ப்யூட்டர் படிப்புல சேத்தலாமான்னு கேக்கோணும்.”

“எந்தக் கம்ப்யூட்டருங்க? நெம்ப இருக்குதாமல்ல?” என்றார் பூசாரி. அவர் பேத்தியும் அந்த வருடம்தான் பிளஸ் டூ முடித்திருந்தாள்.

“பி.சி.ஏ.ங்க.”

“அப்ப ஒன்னைய மட்டும் நெனச்சுக்கோங்க. ஆமா, இல்லைன்னு ரெண்டுதான். அம்மங்கிட்ட எட்டுக் கோர்ஸுக்கு எட்டுக் கலர் பூ இல்லீங்க.”

பொட்டலங்களைக் கட்டிப் போட்டுக் குலுக்கினார். மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டோம். செவப்பு, செவப்பு, செவப்பு என்று நான் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். கண்ணைத் திறந்தபோது, பாவாடை கட்டிய ஒரு குழந்தை தத்தக்கா பித்தக்கா என்று நடந்து வந்து, இரண்டையும் தொட்டுப் பார்த்து, ஒன்றை எடுத்து நீட்டியது. பூசாரி நூலை அறுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அப்பாவைப் பார்த்தேன். அவர் கேட்டு இதுவரை வெள்ளை வந்ததே இல்லை. பயந்துபோய் நின்றார். ஜெயித்த முகமாகவாவது இருக்கும் என்று பார்த்தேன், அதுவும் இல்லை. பிறகு அம்மா பக்கம் திரும்பினேன். அம்மா வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“உத்தரவு கெடச்சிருச்சு சாமி!” என்றாள் அம்மா.

“உத்தரவு இல்லைன்னு வந்துருச்சே,” என்றார் அப்பா. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பூசாரி இருவரையும் பார்த்தார்.

“வெள்ளையில்லீங்களா வந்திருக்குது?” என்றாள் அம்மா.

“வெள்ளைன்னா வேண்டாம்தானே புள்ள?”

“எங்கூர்ல வெள்ளைதானுங்க சம்மதம். செவப்புன்னா வேண்டாமுங்க.”

அம்மா பிறந்தது மங்கலம் பக்கம். அவர்கள் கோயிலில் வெள்ளைதான் சம்மதமாம். அப்பா குடும்பத்தில் சிவப்பு. கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலும் தனித்தனியாகப் பூக் கேட்டிருக்கிறார்கள். இவர்களுக்குச் சிவப்பு வந்திருக்கிறது, அவர்களுக்கு வெள்ளை வந்திருக்கிறது. இரண்டு வீடும் சந்தோஷமாகத் தாம்பூலம் மாற்றிக்கொண்டது. என்ன நிறம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கல்யாணமாகி இருபது வருஷத்துக்குமேல் ஆகியும் கேட்கவில்லை.

அப்பா பூசாரியிடம் திரும்பினார். “நீங்களே சொல்லுங்க. இந்தக் கோயில்ல எதுங்க சம்மதம்?”

“அது அவங்கவங்க நெனச்சுட்டு வர்றதுதானுங்க. யாரும் எங்கிட்டச் சொல்றதில்ல, நானும் கேக்கறதில்ல. ரெண்டு பேரும் ரெண்டு மாதிரி நெனச்சிருக்கறீங்க. அம்மன் யாருக்குப் பதில் சொல்லுச்சுன்னு எனக்கெப்படீங்க தெரியும்?”

“அப்ப மறுக்கா ஒருதரம் போட்டுப் பாத்தா?”

பூசாரி பதறிவிட்டார். “ஆகாதுங்க. ஒரு காரியத்துக்கு ஒருக்காத்தான். மறுக்கா கேட்டா அதுக்குப் பேரு கேக்கறதில்லீங்க, தொந்தரவு பண்றது.”

பஸ்ஸில் பாட்டு காதைப் பிளந்தது. அப்பா பின்னால் நின்றுகொண்டு வந்தார். நானும் அம்மாவும் முன்னால். எனக்கு யார் மீது கோபப்படுவது என்றே தெரியவில்லை. நிறத்தைப் பேசி வைத்துக்கொள்ளாமல் குடும்பம் நடத்திய இந்த இரண்டு பேர் மீதா? எட்டிப் பார்த்தால் தெரிகிற தூரத்தில் இருக்கிற இரண்டு ஊர்கள் ஆளுக்கொரு வழக்கம் வைத்துக்கொண்டதன் மீதா? அம்மா எதையோ கணக்குப் போடுகிற மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பல்லடம் தாண்டியதும் தனக்குள்ளேயே ஒருதரம் சிரித்தாள். என்னம்மா என்றேன். “பொட்டாட்டம் வா,” என்று சொல்லி என் வாயை அடைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு நேராகப் பட்டறைக்குள் போனார். மோட்டாரைப் போடவில்லை. சும்மா ஒரு தறியின் மேல் கை வைத்து நின்றார். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவருக்கு எதிரே போய் நின்றாள். நான் கதவோரத்தில் நின்றேன். தறி ஓடாததால் அன்றைக்கு அவர்கள் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டது.

“ஏனுங்க, போர் போட்டப்ப என்ன பூ வந்துச்சுங்க?”

“செவப்பு.”

“எனக்கு அது வேண்டாம்னுங்க. அம்மனே வேண்டாம்னு சொல்லியும் இந்த மனுசன் ஆளைக் கூட்டியாந்து நிறுத்தறாரேன்னு எனக்கு அன்னிக்கு ஒடம்பெல்லாம் ஆடிப்போச்சு. புதுசா வந்தவொ, என்னத்தப் பேசறது? ஊட்டுக்காரரு பண்ணுனதுக்கு மன்னிச்சுக்கன்னு மாவெளக்கு எடுத்தேன். தறி வாங்குனப்பவும் செவப்பு. மொபெட்டுக்கும் செவப்பு. இவளப் பள்ளிக்கொடம் மாத்துனப்பவும் செவப்பு. ஒவ்வொருக்காவும் போயி மன்னிப்புக் கேட்டு மாவெளக்கு எடுத்துட்டு வந்தனுங்க.”

அப்பா இத்தனை வருஷமாகப் பெருமைப்பட்ட பக்தி அதுதான்.

“போர்ல தண்ணி வந்துச்சுங்களா இல்லீங்களா?” அம்மா விடவில்லை. “தறி ஓடுச்சு. நின்னுச்சு, மறுக்கா ஓடுச்சு. மொபெட்டுல போயி ஒருத்தரும் உழுந்து வெக்கல. இவொ நல்லாத்தான் படிச்சா. வேண்டாம்னு வந்த பூவை மடியில கட்டீட்டு நான் இத்தன வருசம் இந்தக் குடும்பத்த நடத்தியிருக்கறனுங்க. நீங்க ஒருக்கா நடத்திப் பாருங்க.”

அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பி.சி.ஏ.வை அவர் அப்போது மறந்தே போயிருந்தார் என்று நினைக்கிறேன்.

“இத்தன வருசமும் பயந்துட்டா இருந்த?” என்று மெதுவாகக் கேட்டார். அவ்வளவு மெதுவாக அந்தப் பட்டறையில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

“மொதல்ல பயந்தனுங்க,” என்றாள் அம்மா. “அப்பறம் தண்ணி வந்துருச்சு.”

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு போய் மோட்டாரைப் போட்டார். தறிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. சத்தத்துக்கு நடுவே என் பக்கம் திரும்பி, “திங்கக்கெழம எத்தன மணிக்குக் கண்ணு போகோணும்?” என்று கத்தினார்.

நான் அப்படியே கதவோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா வந்து என் தலையைத் தொட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். அன்றைக்குச் சாப்பிட்ட ரசஞ்சோறு மாதிரி ஒரு சோற்றை நான் பிறகு சாப்பிட்டதில்லை.

திங்கட்கிழமை சேர்ந்தேன். மேடம் சொன்னது உண்மைதான். முதல் செமஸ்டரில் பி.சி.ஏ.வும் சயின்ஸும் ஐ.டி.யும் மாற்றி மாற்றி ஒரே லேபில் உட்கார்ந்து ஒரே புரோகிராமை எழுதினோம். பிளக்ஸில் ஊரெல்லாம் அடித்துக்கொண்ட பெயர்கள் எல்லாம் அங்கே பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஒரே இடத்தில் அரைப்புள்ளியை விட்டுவிட்டு முழித்துக்கொண்டிருந்தன. கணக்குப் படித்தவர்களைப் பார்த்து நான் பயந்த பயம் ஒரே மாதத்தில் பாதியாகக் குறைந்தது.

பாதிதான். மீதியைக் கணக்குப் பேப்பர் காட்டிவிட்டது. பி.சி.ஏ.விலும் கணக்கு உண்டு, அதை யாரும் பிளக்ஸில் போடுவதில்லை. முதல் செமஸ்டரில் அதில் அரியர் விழுந்தது. வீட்டில் சொன்னேன். அப்பா முகம் வெளுத்தது. ஆனால் வெள்ளைப் பூவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவரைக் காணோம். மத்தியானம் திரும்பி வந்தபோது நெற்றியில் திருநீறும் கையில் ஒரு தூக்குப்போசியும் இருந்தன. உள்ளே மாவிளக்கு மாவு. அப்பா தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார்.

அம்மா அந்த மாவை வாயில் போட்டுக்கொண்டு, “இப்பத் தெரியுதுங்களா?” என்றாள். அப்பா தலையை ஆட்டினார். அடுத்த செமஸ்டரில் அரியரை எழுதிப் பாஸ் செய்துவிட்டேன். அம்மனுக்காகப் படித்தேனா அப்பாவுக்காகப் படித்தேனா என்று கேட்டால், அந்தத் தூக்குப்போசிக்காகப் படித்தேன்.

மூன்று வருடம் முடிகிற சமயத்தில் மறுபடியும் ஒரு கேள்வி வந்தது. கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்த ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. எம்.சி.ஏ.வும் படிக்கலாம். நான் எம்.சி.ஏ. என்றேன். அப்பா மறுப்பு சொல்லவில்லை, ஆனாலும் பழக்கம் விடவில்லை. “சும்மா ஒருக்கா அம்மங்கிட்டச் சொல்லிப்போட்டு வந்துடலாம்,” என்றார். இந்த முறை நான் முணுமுணுக்கவில்லை. எது வந்தாலும் சமாளித்துக்கொள்வார்கள் என்று தெரிந்துவிட்டிருந்தது.

பூசாரிக்கு எங்களை நன்றாக ஞாபகம் இருந்தது. பொட்டலங்களைக் கட்டிக் காலடியில் வைத்தவர், குலுக்காமல் நிமிர்ந்தார். “இந்த வாட்டி எந்தப் பூ சம்மதம்னு ரெண்டு பேரும் சத்தமாச் சொல்லிப்போடுங்க. அப்பறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது.”

அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டுப் பூசாரியிடம் சொன்னார். “வெள்ளைன்னே வெச்சுக்கலாமுங்க. அவொ முறைப்படியே இருக்கட்டும்.”

“அதெப்படீங்க?” என்றாள் அம்மா. “இது உங்க கோயிலு. செவப்புன்னே இருக்கட்டும்.”

“இல்ல புள்ள, வெள்ளை.”

“செவப்பே சொல்லுங்க.”

குழந்தை ஒன்று எடுப்பதற்குத் தயாராக வந்து நின்றுகொண்டிருந்தது. பின்னால் இரண்டு குடும்பங்கள் காத்திருந்தன. பூசாரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

“ஏனுங்க, செவப்பு வந்தாலும் சம்மதம், வெள்ளை வந்தாலும் சம்மதம்னா, என்னத்துக்குங்க கேக்கறீங்க?”

அப்பா முதலில் சிரித்தார். பிறகு அம்மா. எனக்கு மூன்று வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில் அடைத்துக்கொண்ட காது அப்போதுதான் முழுசாகத் திறந்த மாதிரி இருந்தது. பூசாரி குனிந்து இரண்டு பொட்டலங்களையும் எடுத்து, கட்டுப் பிரிக்காமலேயே என் கையில் கொடுத்தார். விழுந்து கும்பிட்டுவிட்டு, வந்த வழியே பஸ் ஏறினோம். எதில் எந்தப் பூ இருந்தது என்று நாங்கள் பிரித்துப் பார்க்கவே இல்லை.